இறங்கிக்கொண்டே இருந்த கோடு

சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு ரத்தம் கழுவ வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். மற்ற இரண்டு நாளும் தம்பி கூட்டிப்போவான். சனிக்கிழமை என் முறை. காலையில் நான் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நடந்து போய் கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் பிடித்து, கிள்ளானில் இறங்கி, தம்பி வீட்டில் அவனுடைய காரை எடுத்துக்கொண்டு, அப்பாவை உட்காரவைத்து அந்த டயாலிசிஸ் நிலையத்துக்குப் போவேன். கடைவீட்டு மாடி. கீழே டயர் கடை. மாடியில் ஏர்கோன் எப்போதும் அளவுக்கு மீறிக் குளிரும். வீட்டிலிருந்தே போர்வை கொண்டுவருவார்கள் எல்லோரும். அப்பாவின் கையில் ஊசிகளைக் குத்தி, குழாய்களை இணைத்து, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தருவாள். சுவரோரம் பிளக் இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து மடிக்கணினியைத் திறப்பேன். என் ஆராய்ச்சியில் பாதி அந்த நாற்காலியில்தான் நடந்தது. பல்கலைக்கழகத்தில் வகுப்பும் கூட்டமும் போக மிச்சமிருந்த நேரம் அதுதான்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் சுருக்கமாகத்தான் சொல்வேன். பூமிக்கு மேலே வெற்றிடம் என்று நாம் நினைக்கிற இடம் வெற்றிடம் இல்லை. அங்கே மிக மெல்லிய, மின்னேற்றம் கொண்ட வாயு பரவியிருக்கிறது. அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். பூமியின் காந்தப்புலம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. குளத்து நீரில் அலை எழுவதுபோல அதிலும் அலைகள் எழும். சில அலைகள் எலெக்ட்ரான்களை முடுக்கிவிடும். அப்படி வேகம் பிடித்த எலெக்ட்ரான்கள் செயற்கைக்கோள்களைத் துளைத்துக் கெடுக்கும். ஆகவே அலைகளை அளக்க வேண்டியிருக்கிறது. அதற்காக அனுப்பப்பட்ட இரட்டைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எங்கள் நாட்டுடையவை அல்ல. நான் பார்க்கத் தொடங்கும்போதே எரிபொருள் தீர்ந்து அவற்றை அணைத்துவிட்டிருந்தார்கள். பதிவுகள் மட்டும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இருந்தன. முடிந்துபோன இரண்டு பயணங்களின் மிச்சத்தை நான் கிள்ளானில் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தேன்.

அந்த அலைகளைச் சத்தமாக மாற்றிக் கேட்கலாம். ஒருமுறை அப்பா, "காதுல என்னாமா மாட்டிக்கிட்டு இருக்க, பாட்டா?" என்று கேட்டார். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். விடியற்காலைப் பக்கத்தில் அதிகம் கிடைக்கிற அலை அது. குட்டிக் குட்டியாக மேலேறும் கீச்சொலிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பக்கத்துக் கட்டடத்துல போடுவானே, அந்த மாதிரி இருக்கு" என்றார். பக்கத்துக் கடைவீட்டின் மேல்மாடியை யாரோ, கூட்டை எடுத்து விற்பதற்காகக் கூட்டுக்குருவி வளர்க்க அடைத்திருந்தார்கள். குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் குருவிச் சத்தம் ஓடும்.

"இது விண்வெளிப்பா."

"அங்கயும் ஸ்பீக்கர் கட்டியிருக்கானா?" என்றவர் தன் கிண்டலுக்குத் தானே சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் லோரி ஓட்டியவர். இயந்திரத்தோடு படுத்திருப்பதில் அவருக்கு ஒரு பொறுமை வந்துவிட்டிருந்தது. எனக்குத்தான் வரவில்லை.

அந்தக் கோட்டை முதலில் பார்த்தது நான் இல்லை. பல்கலைக்கழகத்தில் என் அறையில் இன்னொருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து முனைவர் பட்டம் முடித்துவிட்டு, ஒப்பந்தத்தில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். மனைவியும் சின்னப் பெண்குழந்தையும் ஊரில். இவர் சாலாக் செலாத்தானில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு. துறைத்தலைவர் எதிரில் என்னை மேடம் என்பார், அறைக்கதவு மூடியதும் அக்கா என்பார். ஆண்டுக்கு ஒருமுறை விசாவும் ஒப்பந்தமும் சேர்ந்தே புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த மாதங்களில் அவர் சரியாகச் சாப்பிட மாட்டார்.

நாங்கள் பார்ப்பவை நிறப்படங்கள். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாகச் சுருதி ஏறும். அலை வலுவாக இருக்கும் இடம் சிவப்பு, ஒன்றுமில்லாத இடம் நீலம். ஒருநாள் அவர் நாற்காலியோடு உருண்டு என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, இங்க பாருங்க. நீலத்துக்குள்ள ஒரு கோடு ஓடுது."

மயிரிழை போல ஒரு கோடு. செயற்கைக்கோள் பூமியின் நிழலைவிட்டு வெளியே வந்ததும் தொடங்கி, மெல்ல மெல்லச் சுருதி இறங்கி, பிறகு மறைந்துபோனது. அடுத்த சுற்றைப் பார்த்தோம். அதிலும் இருந்தது. அதற்கடுத்த சுற்றிலும்.

"இறங்குற வேகத்தப் பாருங்க. காந்தப்புலத்தோட சேந்தே இறங்குதுக்கா."

அதுதான் எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. இந்த அலைகளின் சுருதி அந்தந்த இடத்துக் காந்தப்புலத்தைப் பொறுத்தது. பூமிக்கு அருகில் புலம் வலுவாக இருக்கும், சுருதி உயரும். விலகிப் போகப் போக இரண்டும் தாழும். செயற்கைக்கோள் பூமியைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. கோடும் இறங்கிக்கொண்டிருந்தது. இயற்கையான அலை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி.

அன்று மதியம் பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். அவர் ரசத்தைக்கூடக் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தார். சூரிய ஒளி இல்லாத நிழற்பகுதியில் பிளாஸ்மா வேறு மாதிரி இருக்கும், நிழலின் விளிம்பில் அலை பிறக்கலாம், இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார்.

"கருவியோட கோளாறா இருந்தா?" என்று கேட்டேன்.

"இன்னொரு சாட்டிலைட்டையும் பாத்துட்டேன்க்கா. அதுலயும் அதே கோடு. ரெண்டு கருவியும் ஒரே மாதிரி பொய் சொல்லுமா?"

சொல்லாது என்றுதான் எனக்கும் தோன்றியது. பாயசம் வந்தது. இரண்டு பேரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

அதன்பிறகு வந்த காலத்தை நான் தனித்தனி நாட்களாக நினைவுபடுத்த முடியாது. ஒரே நீளமான நாள் போல இருக்கிறது. பதிவுகளை இறக்கினோம். கோடு இருக்கிற சுற்றுகளைப் பிரித்தோம். கணக்குப் போட்டோம். நிழல் விளிம்பில் அலை எப்படிப் பிறக்கலாம் என்பதற்கு அவர் ஒரு சமன்பாடு எழுதினார், அது சரியாக வரவில்லை, திருத்தி எழுதினார். நான் பகலில் முதலாமாண்டு மாணவர்களுக்கு மின்காந்தவியல் நடத்தினேன், மாலையில் விடைத்தாள் திருத்தினேன். என் அடுக்குமாடியில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். காய்கறிப் பையோடு படியேறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவேன். கீழே சாலையில் பூமாலைக் கடைகளும் வானொலியும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இரைச்சல். எனக்கு நாற்பத்தாறு வயது. பதவி உயர்வுக்கு மூன்றுமுறை விண்ணப்பித்தவள். இந்தக் கோடு உண்மையாக இருந்தால் நல்லது என்று நினைத்தேனே தவிர, துள்ளிக் குதிக்கத் தெம்பில்லை. தெம்பு முழுவதும் அவரிடம் இருந்தது. அவர் தன் மகளிடம் தொலைபேசியில், "அப்பா ஒரு அலையக் கண்டுபிடிச்சிருக்கேன்டா" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கடல் அலையா என்று அது கேட்டிருக்க வேண்டும். "இல்ல செல்லம், அதைவிட மேல" என்றார்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினோம். அதைப் படித்துப் பார்த்த இரண்டு வல்லுநர்களில் ஒருவருக்குப் பிடித்துவிட்டது. இன்னொருவர் மிகவும் மரியாதையாக ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். நீங்கள் காட்டிய படங்கள் எல்லாமே செயற்கைக்கோள் பூமியைவிட்டு விலகும்போது நிழலிலிருந்து வெளிவந்தவை. அது பூமியை நோக்கி வரும்போது நிழலிலிருந்து வெளிவருகிற மாதங்களும் இருக்குமே, அப்படி ஒரு படத்தையும் சேர்க்க முடியுமா?

நியாயமான கேள்வி. சுற்றுப்பாதை மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருப்பதால் அப்படிப்பட்ட மாதங்கள் கட்டாயம் இருக்கும். தூத்துக்குடிக்காரருக்கு அந்த வாரம் ஒப்பந்தப் புதுப்பிப்பு வேலை இருந்தது. நேர்முகத்துக்கு வேறு தயாராகிக்கொண்டிருந்தார். "ஒரு படம்தான, நான் போட்டுடறேன்" என்று நான் சொன்னேன்.

அதை நான் செய்தது ஒரு சனிக்கிழமை. அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். செயற்கைக்கோள் பூமியை நோக்கி வருகிறது என்றால் காந்தப்புலம் வலுத்துக்கொண்டே போகும். கோடு உண்மையான அலை என்றால் அது மேலே ஏற வேண்டும். நான் மாதத்தைத் தேர்ந்தெடுத்து, நிரலை ஓடவிட்டுக் காத்திருந்தேன்.

படம் வந்தது. நீலத்தின் நடுவே கோடு இருந்தது. நிழலைவிட்டு வெளிவந்த அதே கணத்தில் தொடங்கியிருந்தது. அது இறங்கிக்கொண்டிருந்தது.

நேர அச்சைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனோ என்று சரிபார்த்தேன். இல்லை. அடுத்த சுற்றைப் போட்டேன். அதிலும் இறங்கியது. புலம் ஏறுகிறது, கோடு இறங்குகிறது. அப்படியானால் அதற்கும் காந்தப்புலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. செய்ய மனம்தான் இல்லை. செயற்கைக்கோள் தன் உடல்நிலையையும் பதிவு செய்யும்: வெப்பம், மின்சாரம், பேட்டரி. அந்தப் பதிவைத் திறந்தேன். நிழலுக்குள் இருக்கும்போது சூரியத்தகடுகளுக்கு வெயில் கிடையாது; பேட்டரியில் ஓடும். வெளியே வந்ததும் வெயில் பட்டு பேட்டரி மறுபடி நிரம்பத் தொடங்கும். நிரம்ப நிரம்ப, உள்ளே போகும் மின்னோட்டம் குறைந்துகொண்டே வரும். அந்த மின்னோட்ட வளைவை எங்கள் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒட்டிவைத்தது போல் பொருந்தியது. பேட்டரி நிரம்பும்போது மின்சுற்று எழுப்பும், மின்னோட்டத்தோடு சேர்ந்து சுருதி இறங்கும் முனகலைத்தான் பக்கத்திலிருந்த அலைமானி கேட்டிருக்கிறது. இரண்டு செயற்கைக்கோள்களிலும் இருந்ததற்குக் காரணமும் அதுவே. இரட்டையர் அல்லவா, இரண்டிலும் ஒரே மாதிரி பேட்டரி.

மிஸ்ஸி வந்து அப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தச் சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார்.

"என்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. வேலை கெட்டுப்போச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

"பசிக்குதா? கீழ போயி ஏதாச்சும் சாப்பிட்டு வா லா" என்றார். நான் போகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய அதிர்ச்சியும் இல்லை. உடம்பு முழுக்க ஒரு கனம். ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல. அந்தக் கனத்துக்கு அடியில், இதைத் தூத்துக்குடிக்காரரிடம் சொல்ல வேண்டுமே என்ற எண்ணம் ஒன்றுதான் அசைந்துகொண்டிருந்தது.

தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று ஞாயிறு காலை சாலாக் செலாத்தானுக்குப் போனேன். அவர் அறைக்கு எதிரே ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் தேநீர்க்கடை. இருவருக்கும் தே தாரே சொன்னேன். அவர் சலவை செய்த சட்டை போட்டிருந்தார். நேர்முகத்துக்கு எடுத்துவைத்ததைப் போட்டுப் பார்த்திருக்கிறார். நான் மடிக்கணினியைத் திறந்து படத்தைக் காட்டினேன். எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் அதை நான் பார்த்தேன்.

"பேட்டரியா?"

"ஆமா. வளைவ மேல வெச்சுப் பாத்துட்டேன்."

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, தானே இரண்டு சுற்றுகளைப் போட்டுப் பார்த்தார். தேநீர் வந்து ஆறியது. மேசையிலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தை ஈ சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. அவரு கேட்டது ஒரு படம்தான. நிழல் விளிம்புல கோடு மங்கலா இருக்குற ஒரு சுத்தைப் போட்டு, 'தெளிவா இல்ல'ன்னு எழுதிட்டா?"

அவருக்கு அடுத்த வாரம் நேர்முகம். ஊரில் பிள்ளை. இந்தக் கட்டுரை இல்லையென்றால் அவர் கையில் காட்ட ஒன்றுமில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தேன். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்தானே. எங்கோ ஓர் ஆய்விதழில், பத்துப் பேர் படிக்கப்போகிற பொய்.

ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தலையை ஆட்டினார். "வேண்டாம். சும்மா கேட்டேன். அது முடியாது." பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே தெரியுமேக்கா, அது பொய்னு. அதக் கட்டிக்கிட்டு எத்தன வருசம் தூங்க முடியும்?"

"நான் டீன்கிட்ட பேசுறேன்."

"பேசுங்க. ஆனா இதுக்காகக் கெஞ்ச வேண்டாம்."

கடைக்காரர் வந்து, "பாஸ், ரொட்டி வேணுமா?" என்று கேட்டார். இருவரும் வேண்டாம் என்றோம். பிறகு அவர் தன் மனத்தை மாற்றிக்கொண்டு இரண்டு ரொட்டி சானாய் சொன்னார். முழுவதையும் சாப்பிட்டார். நானும்தான்.

திங்கட்கிழமை அவர் எல்லாச் சுற்றுகளையும் முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார். விதிவிலக்கு ஒன்றாவது இருக்குமா என்று தேடினார். இல்லை. வாரக் கடைசியில் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அவரே ஆய்விதழுக்கு எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார். நான் ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினேன். கேள்வி கேட்ட அந்த முகம் தெரியாத வல்லுநருக்கு நன்றி சொல்லியிருந்தார். அவ்வளவு பணிவாக என்னால் அந்த வாரம் எழுதியிருக்க முடியாது.

நேர்முகத்துக்கு அதே சட்டையில் போனார். முடிவு வர ஒரு மாதம் ஆனது. புதுப்பிக்கவில்லை. கட்டுரை இருந்திருந்தால் புதுப்பித்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு யாருக்குமே புதுப்பிக்கவில்லை என்று சொன்னார்கள். நான் டீனிடம் பேசினேன். அவர் அன்பாகக் கேட்டுக்கொண்டார், கைகளை விரித்தார். அறைக்குத் திரும்பியபோது இவர் தன் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு ஸ்வெட்டர், இஞ்சி மிட்டாய் டப்பா, மகள் வரைந்து அனுப்பிய ராக்கெட் படம். ராக்கெட்டில் ஜன்னல் வைத்து அதில் மீசையோடு ஒரு முகம்.

"இதக் கழட்டும்போது சுவத்துல பெயின்ட் வந்துட்டு. மேடம் திட்டாதீங்க" என்றார். கதவு மூடியிருந்தது, ஆனாலும் அன்று மேடம் என்றார். விமான நிலையத்துக்குத் தம்பியின் காரில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியில் கேரி தீவுப் பக்கமிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றி வந்த லோரிகள் இரண்டின் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்த முடியவில்லை. அவர் முன்னால் போகும் பழக்குலைகளைப் பார்த்தபடி, "இத்தன நாள் இருந்தும் ஒரு தோட்டத்துக்குள்ள போனதில்லக்கா" என்றார். நேரம் இருந்தது, ஆனால் எனக்குக் காரைத் திருப்பச் சக்தியில்லை. அதை அவரும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு இரண்டு பேருமாகக் காணொளியில் பேசிப் பேசி ஒரு சிறிய குறிப்பு எழுதினோம். இந்தச் செயற்கைக்கோள்களின் பதிவில் நிழலைத் தாண்டியதும் தெரியும் இறங்குகோடு அலை அல்ல, பேட்டரியின் ஒலி. இதை இப்படி அடையாளம் காணலாம், இப்படி நீக்கலாம் என்று. அது வெளிவந்தது. கருவியைச் செய்த குழுவிலிருந்து ஒரு வரி பதில் வந்தது: பயனுள்ளது, பயனர் வழிகாட்டியில் சேர்த்துவிட்டோம். துறைக் கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசினேன். வந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். முடிவில் ஒருவர் கேட்டார், "அப்படியானால் நீங்கள் கண்டுபிடித்தது என்ன?" கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். "அங்கே ஒன்றும் இல்லை என்பதை" என்றேன். சிலர் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவர் இப்போது ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறார். வாரத்துக்கு ஏகப்பட்ட வகுப்புகள். ஆராய்ச்சி என்று ஒன்றும் கிடையாது. எப்போதாவது குரல் செய்தி அனுப்புவார். பின்னணியில் மோட்டார் சைக்கிள் சத்தமும் மகளின் சத்தமும் கேட்கும். போன வாரம் வந்ததில், "அசதியாத்தான் இருக்குக்கா. ஆனா நல்லாத் தூங்குதேன்" என்று சொல்லியிருந்தார். அதை நான் டயாலிசிஸ் நிலையத்து நாற்காலியில் இருந்து கேட்டேன். அப்பா, "யாரு, அந்தத் தம்பியா? வேலை கெடைச்சுச்சா?" என்றார்.

"கெடைச்சுருச்சுப்பா. வாத்தியார் வேலை."

"பரவால்ல. நல்ல வேலைதான். உனக்கு?"

"எனக்கு அதே வேலைதான்."

அவர் தலையை ஆட்டினார். நான் மறுபடி படங்களுக்குத் திரும்பினேன். இப்போது வேறொரு அலையைப் பார்க்கிறேன். பூமிக்கு அருகில் ஓயாமல் சீறிக்கொண்டிருக்கும் ஒன்று. அது உண்மையானது, பலரும் பார்த்தது, அதில் புதிதாகச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. சில படங்கள் போட்டேன், சேமித்தேன். இயந்திரம் நின்றது. மிஸ்ஸி வந்து ஊசிகளை எடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ அழைப்பு மணி அடிக்க, பஞ்சை என் கையில் கொடுத்து, "பிடிச்சுக்கோங்க அக்கா, இப்ப வரேன்" என்று ஓடினாள். நான் அப்பாவின் கையை மடியில் வைத்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன். தோலுக்கு அடியில் அவருடைய ரத்தம் துடித்துக்கொண்டிருந்தது. விட்டால் வழியும். ரத்தம் நிற்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.